ஒரு காதில் மட்டும் கேட்ட ஆல்பம்

என் இயர்போனில் இடது பக்கம் செத்துப்போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன், வாங்க மாட்டேன். அந்தச் சமயத்தில் எதையுமே சரிசெய்ய மனசு வரவில்லை. ஒரு பிரிவு, அதன் வால்பிடித்து வந்த காய்ச்சல், காய்ச்சல் போன பிறகும் போகாத அசதி. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடப்பதே அன்றைய உடற்பயிற்சி. அப்போதுதான் நண்பன் ஒருவன் போனில் ஒரு இணைப்பை அனுப்பினான்.

"உன்ன மாதிரியே ஒருத்தன். காதலும் போச்சு, உடம்பும் போச்சு. காட்டுக்குள்ள போயி உக்காந்து பாட்டுப் போட்டிருக்கான். கேளுடா."

கேட்டேன். ஒன்றும் புரியவில்லை. ஒரு கிட்டார், மெல்லிய உச்சஸ்தாயிக் குரல், எந்த மொழி என்றே பிடிபடாத வார்த்தைகள். 37 நிமிடத்தில் 9 பாட்டும் முடிந்துவிட்டன. முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். ஏன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எழுந்து போய் அதை நிறுத்தச் சோம்பலாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

போன் இவேர் என்ற அந்த இசைக்குழுவின் முதல் ஆல்பம் அது. 'ஃபார் எம்மா, ஃபாரெவர் எகோ'. அதன் பின்கதையை இசை பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதி எழுதித் தேய்த்துவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜஸ்டின் வெர்னன், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓ க்ளேர் ஊர்க்காரர். டியார்மண்ட் எடிசன் என்ற குழுவோடு வட கரோலினாவின் ராலிக்குக் குடிபெயர்ந்தார். 2006-இல் குழு உடைந்தது, உறவு ஒன்று முறிந்தது, கல்லீரல் வரை போன மோனோநியூக்ளியோசிஸ் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர், வடமேற்கு விஸ்கான்சினில் அப்பா வைத்திருந்த வேட்டைக் குடிலில் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். நோயில் கிடந்தபோது பார்த்த ஒரு தொலைக்காட்சித் தொடரில், முதல் பனி விழுந்ததும் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் 'நல்ல குளிர்காலம்' என்று பிரெஞ்சில் வாழ்த்திக்கொள்வார்கள். அதை எழுத்துப் பிழையோடு எடுத்து வைத்துக்கொண்டதுதான் குழுவின் பெயர்.

குழு என்கிறேன், ஆனால் அந்தக் குடிலில் இருந்தது ஒரே ஆள்தான். இது எனக்குப் பிற்பாடு முக்கியமாகப் பட்டது.

காட்டுக்குடில், தாடி, பனி, மான் வேட்டை என்று இந்தக் கதைக்கு ஒரு சினிமாத்தனம் வந்துவிட்டது. ஆனால் ஆல்பம் எடுக்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு அப்போது இல்லை. எடுத்து வைத்ததையெல்லாம் மாதிரிப் பதிவுகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். கேட்ட நண்பர்கள்தான் இதை இப்படியே வெளியிடு என்று தூண்டினார்கள். ஊதுகருவிகளை வாசித்தவர்கள் வேறு ஆட்கள். 2007-இல் அவரே 500 பிரதி போட்டு விற்றார். 2008 பிப்ரவரியில் ஜாக்ஜாகுவார் நிறுவனம் எடுத்து வெளியிட்ட பிறகுதான் உலகம் முழுக்கப் போனது.

சரி, என் இயர்போனுக்கு வருகிறேன்.

கொஞ்சம் தேறிய பிறகு அந்த நண்பன் வீட்டில் ஒருநாள் அவனுடைய பெரிய ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு இதே ஆல்பத்தைப் போட்டேன். 'லம்ப் சம்' என்ற இரண்டாவது பாட்டு, தேவாலயத்தில் கூடிப் பாடுவது போன்ற குரல் கூட்டத்தோடு தொடங்கும். நூறு தடவைக்கு மேல் கேட்ட பாட்டு அது. ஆனால் அன்றைக்கு என் இடது காதுக்குள் ஆட்கள் வந்து நின்றார்கள். இதுவரை நான் சந்தித்திராத ஆட்கள். வலது பக்கம் ஒருவர் மூச்சு வாங்க, இடது பக்கம் இன்னொருவர் அரை நொடிக்கும் குறைவாகப் பிந்தி அதே வரியைப் பிடிக்கிறார். நான் அத்தனை மாதமும் தனியாகப் புலம்புகிற ஒரு மனிதனைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருக்கிறேன். உள்ளே ஒரு கூட்டமே இருந்திருக்கிறது. அத்தனை பேரும் அவரேதான்.

இதை அவர் செய்த விதம் எளிமையானது. ஒரு வரியைப் பாடிப் பதிவுசெய்வது, அதைக் கேட்டபடி அதையே மறுபடி பாடிப் பதிவது, அப்புறம் அதற்கு மேல் இன்னொன்று. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே பதிவை கம்ப்யூட்டரில் நகலெடுத்து மேலே அடுக்கினால் சத்தம்தான் கூடும், குரல் அடர்த்தியாகாது. ஒரே மனிதர் திரும்பப் பாடும்போது சுருதி மயிரிழை விலகும், காலம் சில மில்லி நொடி தப்பும். அந்தத் தப்புகளைத்தான் நம் காது 'பல பேர்' என்று எடுத்துக்கொள்கிறது. பழைய குழுவில் வெர்னன் பாடியது கனத்த ஆண் குரலில். குடிலில்தான் கள்ளக்குரலுக்கு, அதாவது இயல்பான குரலை விட்டு மேலே ஏறிப் பாடும் மெல்லிய குரலுக்கு, மாறினார். கள்ளக்குரலில் சுருதி இன்னும் எளிதாக நழுவும், மூச்சு இன்னும் அதிகமாகக் கேட்கும். நழுவல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பனிமூட்டம் மாதிரி ஆகிவிடுகின்றன. இத்தனைக்கும் அவர் கையில் இருந்த மைக் ஷூர் எஸ்எம்57. மேடைகளில் டிரம்முக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கும் முன்னால் சாதாரணமாக நிறுத்திவைக்கும் வகை.

வார்த்தைகள் ஏன் பிடிபடவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. அவர் முதலில் பொருளில்லாத ஒலிகளை வைத்து மெட்டை முழுதாகப் பாடிவிடுவார். நம் பாட்டு உலகத்தில் தத்தகாரம் என்போமே, அதேதான். பிறகு தன் பதிவையே திரும்பத் திரும்பப் போட்டு, 'இந்த இடத்தில் நான் என்ன வார்த்தையைச் சொல்வது போலக் கேட்கிறது' என்று எழுதி எடுப்பார். தத்தகாரத்துக்கு வார்த்தை போடக் கவிஞர் ஒருவர் வருவார் என்றே நமக்குப் பழக்கம். இங்கே தத்தகாரம் பாடியவரே ஒட்டுக்கேட்கிறார், தன் வாயிலிருந்து தானே. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. மனசு உடைந்து கிடக்கும்போது நாம் சொல்கிற வாக்கியம் எதுவும் உருப்படியாக இருப்பதில்லை. முனகல்தான் முதலில் வருகிறது. அந்த முனகலை அழிக்காமல் அதன் மேலேயே எழுதியதால்தான் வரிகள் பாதி புரிந்தும் புரியாமலும் நிற்கின்றன. பாட்டின் சோகம் வரியில்தான் இருக்கிறது என்று சாதிக்கிற ஆள் நான். இந்த ஆல்பம் என்னைத் தோற்கடித்தது.

இப்போது மேடைக்கு வருவோம். ஒருவர் பத்துப் பேராகிப் பாடிய ஆல்பத்தை மேடையில் எப்படிப் பாடுவது? பத்து வெர்னன்களுக்கு எங்கே போவது?

பதில் தானாகத் தேடி வந்தது. ஓ க்ளேரில் தாளவாத்தியம் படித்த ஷான் கேரி என்ற இளைஞர், இணையத்தில் கிடந்த இந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, டிரம்ஸ் பகுதியையும் கூட்டுக்குரல்களையும் தானாகவே கற்றுக்கொண்டார். ஆரம்பக் கச்சேரி ஒன்றின்போது வெர்னனிடம் போய், எனக்கு இது எல்லாம் வாசிக்கத் தெரியும், பாடவும் தெரியும் என்றார். அன்றைக்கே மேடை ஏறினார். பிறகு மைக் நோய்ஸ் என்பவர் சேர்ந்தார். பள்ளியில் படிக்கும்போது வெர்னனிடமே கிட்டார் கற்றவர்.

இந்த ஷான் கேரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவரும் ஏதோ ஒரு அறையில் என்னைப் போல இந்தப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார். நான் படுத்துக்கொண்டு கேட்டேன், அவர் கூடவே பாடியிருக்கிறார். ஒரு மனிதர் தனக்குத்தானே பாடிக்கொண்ட இரண்டாவது குரல் இப்போது இன்னொருவர் தொண்டையில். அந்தக் காலத்து நேரலைப் பதிவுகளைக் கேட்டால் இந்த வித்தியாசம் தெரியும். ஆல்பத்தில் குரல்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். மேடையில் கரையாது. மூன்று தொண்டைகளும் தனித்தனியாகத் தெரியும், ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் தாங்கிப் பிடிப்பார். அழகு குறைகிறதா என்றால், ஆமாம், கொஞ்சம் குறைகிறது. அதற்குப் பதிலாகக் கிடைப்பது, பாடுகிறவர் தனியாக இல்லை என்ற நிம்மதி.

'ஸ்கின்னி லவ்' என்ற பாட்டு இன்னொரு விதம். கிட்டாரின் கம்பிகளை வழக்கமான சுருதியிலிருந்து மாற்றி ஸி, ஜி, ஈ, ஜி, ஸி, ஸி என்று கூட்டி வைத்து வாசிக்கிற பாட்டு அது. எந்தக் கம்பியையும் அழுத்தாமல் வெறுமனே இழுத்தாலே ஒரு முழு ஸி கார்டு, அதாவது ஸ்வரக்கூட்டு, விழும். கடைசி இரண்டு கம்பிகளும் ஒரே ஸ்வரம் என்பதால் அவற்றுக்கிடையே ஒரு சன்னமான அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். குரலில் செய்த அதே வேலையைக் கம்பியிலும் செய்கிறார் என்று பிறகு தோன்றியது: ஒரே ஸ்வரம், இரண்டு வாய். ஆல்பத்தில் இது ஒருவர் எரிந்து விழுகிற பாட்டு. மேடையில் கூட இருப்பவர்களும் சேர்ந்து அறைந்து வாசிக்க, ஏறத்தாழச் சண்டையாகவே ஆகிவிடும்.

'தி வுல்வ்ஸ்' பாட்டுதான் எனக்குச் சிக்கல். எது தொலைந்துபோயிருக்கக் கூடும் என்கிற ஒரே ஒரு வரி அதன் பிற்பாதியில் திரும்பத் திரும்ப வரும். கச்சேரிகளில் வெர்னன் கூட்டத்தைப் பார்த்து, இதை நீங்கள் பாட வேண்டும், மெதுவாகத் தொடங்கி முடிவில் கத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். ஆயிரக்கணக்கானவர்கள் முணுமுணுப்பாகத் தொடங்குவார்கள். டிரம்ஸ் ஏற ஏறக் குரலும் ஏறும். கடைசியில் பாட்டு என்பதே இருக்காது, வெறும் கூச்சல்தான்.

முதல் தடவை அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த பாட்டை இவர்கள் ஏன் கத்துகிறார்கள்? பக்கத்தில் நிற்பவன் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு ஒருவன் தொலைந்ததைப் பற்றிக் கத்துகிறான். என்ன தெரியும் இவனுக்கு? (இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு திமிர் வந்துவிடும், தன் துக்கத்துக்குத் தானே பட்டா போட்டுக்கொள்வான்.) இரண்டாவது தடவை தனியாக இருந்தபோது நானும் சத்தம் போட்டுப் பாடிப் பார்த்தேன். முணுமுணுப்பு வரை வந்தது. கத்த வரவில்லை. கூட்டம் இருந்தால்தான் அது வரும் போலிருக்கிறது.

எல்லாத் துக்கப் பாட்டுக்கும் இந்த வழி செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடும் ஃபில் எல்வெரமின் மனைவி ஜெனவியேவ் காஸ்ட்ரே 2016 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார். அவர் இறந்த அதே அறையில், பெரும்பாலும் அவருடைய வாத்தியங்களையே வைத்து எல்வெரம் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். இறந்து ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு பார்சல் வருகிறது. பிரித்தால், மகள் பிற்காலத்தில் பள்ளிக்குப் போகும்போது மாட்டிக்கொள்ள அம்மா ரகசியமாக ஆர்டர் செய்து வைத்திருந்த பை. அப்போது குழந்தைக்கு ஒன்றரை வயது. இதைப் பாட்டில் அப்படியே, அலங்காரமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார். இதை மேடையில் பாடியபோது யாரும் கூடப் பாடவில்லை. எப்படிப் பாட முடியும்? 2017 நவம்பரில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் பாடியது நேரலை ஆல்பமாக வந்திருக்கிறது. அதில் நான் கேட்டது பெரும்பாலும் கூட்டத்தின் அமைதியை. ஒரு தடவைதான் முழுதாகக் கேட்டேன். இன்னொரு தடவை கேட்கிற தைரியம் இல்லை.

போன் இவேர் பெரிதானது. 2012-இல் இரண்டு கிராமி வாங்கினார்கள். மூன்றாவது ஆல்பத்தை 2016-இல், வெளிவருவதற்கு முன்பே, ஓ க்ளேரில் நடந்த விழாவில் முழுதாக வாசித்தார்கள். கிட்டாரை ஓரம் கட்டிவிட்டு மின்னணு ஒலிகளும் வெட்டி ஒட்டிய குரல்களுமாக இருந்தது. அதற்காக ஒலிப்பொறியாளர் கிறிஸ் மெசினாவோடு சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கினார்கள். ஒருவர் பாடப் பாட அந்த ஒரு குரலையே அந்தக் கணத்தில் பல ஸ்வரங்களாகப் பிரித்து, ஒரு கூட்டுக்குரலாக வெளியே தள்ளும். ஆக, குடிலில் இரவெல்லாம் அடுக்கடுக்காகப் பாடி எடுத்ததை இப்போது மேடையில் ஒரே மூச்சில் செய்யலாம். மறுபடியும் ஒரே ஆள் பல ஆள். பலர் இதைக் கொண்டாடினார்கள். நான் முகம் சுளித்தேன். என்னைப் போல நிறையப் பேர், பழைய மாதிரி ஒன்று வராதா, இன்னொரு குளிர்காலம் வராதா என்று காத்திருந்தோம்.

என்ன காத்திருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதருக்குக் காதலும் உடம்பும் நட்பும் இன்னொரு முறை ஒரே சமயத்தில் கெட வேண்டும் என்று.

2024-இல் புதிய பாட்டுகள் வந்த சமயத்தில் வெர்னன் கொடுத்த பேட்டி ஒன்றில் இதை அவரே தொட்டார். மனசு உடைந்திருப்பதற்காகவே தனக்குப் பாராட்டு கிடைத்துக்கொண்டிருந்தது என்றும், ஆறவேண்டிய காயத்தைத் தானே அழுத்திக்கொண்டிருக்கிறோமோ, கப்பலைத் தெரியாமலே திரும்பத் திரும்பப் பாறையில் மோதவிடுகிறோமோ என்று சந்தேகம் வந்தது என்றும் சொன்னார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாறைப் பக்கம் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன்தானே.

புதிய ஆல்பம் 'சேபிள், ஃபேபிள்' 2025 ஏப்ரலில் முழுதாக வந்தது. முதல் பகுதியான 'சேபிள்' அதற்கு முந்தைய அக்டோபரிலேயே வந்துவிட்டது. சேபிள் என்றால் கருமை. 12 விநாடி ஓடும் வெறும் ஒலி ஒன்று, அதன் பின் மூன்றே பாட்டு. கிட்டார் திரும்பி வந்திருந்தது, குரல் முன்னால் வந்து நின்றது, குற்றவுணர்ச்சி ஒவ்வொரு வரியிலும் கசிந்தது. 'ஸ்பேசைட்' என்ற பாட்டில் கிட்டாரும் வயோலாவும் தவிரப் பெரிதாக வேறு ஒன்றுமில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டோம் என்று அந்த அக்டோபரில் நானும் நண்பனும் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொண்டோம்.

ஏப்ரலில் வந்த மீதி 9 பாட்டுகள் சந்தோஷமானவை. வெட்கமில்லாமல் சந்தோஷமானவை. பழைய சோல் இசையின் வாசனை, துள்ளலான தாளம், காதல் வந்துவிட்டது என்ற பூரிப்பு. அட்டையின் நிறம் சால்மன் இளஞ்சிவப்பு என்பதற்காக டப்பாவில் அடைத்த சால்மன் மீன்கூட விற்றார்கள். இதைப் பார்த்துச் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. வழக்கமான நீண்ட சுற்றுப்பயணம் எதையும் இந்த ஆல்பத்துக்காக அவர் கிளம்பவில்லை. முதல் முறை கேட்டபோது எனக்கு ஏமாற்றம்தான். எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நடுவில் இரண்டு பாட்டுகள் இனிப்பு அதிகமான பாயசம் மாதிரி திகட்டுகின்றன.

ஆனால் மூன்றாவது, நாலாவது முறை கேட்கும்போது ஒன்று கவனித்தேன். இதில் வெர்னனுக்கு எதிரே நின்று பாடுவது வெர்னன் இல்லை. ஒரு பாட்டில் டேனியல் ஹைம் என்ற பாடகி வந்து பாடுகிறார். இன்னொன்றில் டிஜான், ஃப்ளாக் ஆஃப் டைம்ஸ் என்ற பெயர்களில் பாடும் இருவர். இவர் ஒரு வரி பாடினால் பதிலுக்கு வேறொரு தொண்டையிலிருந்து ஒரு வரி வருகிறது.

போன மாதம் நண்பன் வந்திருந்தான். என்னிடம் இப்போது நல்ல இயர்போன் இருக்கிறது, இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டோம். எனக்கு வலது, அவனுக்கு இடது. முதலில் பழைய ஆல்பத்தைப் போடச் சொன்னான். 'லம்ப் சம்' தொடங்கியது. பழகிப்போன அந்த ஒற்றைக் குரல் என் காதில் கேட்க ஆரம்பித்தது. நான் கண்ணை மூடினேன்.

"டேய்," என்றான் அவன். "உனக்கு யார்ரா பாடறாங்க? இங்க வேற ஆளு."